குற்றவாளி நாற்காலியா?

‘உட்கார்ந்தே இருப்பதுதான் இந்தக் காலத்துச் சிகரெட்’ என்று ஒரு வாசகம் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் ரத்தக்குழாய் ஆய்வுகளில் சிலதைத் தேடிப் படித்தேன். ஆய்வுகள் நன்றாகத்தான் இருக்கின்றன. வாசகம்தான் சரியில்லை.

முதலில், எதை அளக்கிறார்கள்? ரத்தம் ஓடும்போது குழாயின் உட்சுவரை உரசிக்கொண்டே ஓடுகிறது. அந்த உரசலை உணர்ந்து உட்சுவர்ச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடும், குழாய் விரியும். இதைச் சோதிக்க, பி.பி. பார்க்கிற மாதிரி ஒரு பட்டையைக் கையிலோ காலிலோ கட்டி 5 நிமிஷம் இறுக்குகிறார்கள். தளர்த்தியதும் தமனி எவ்வளவு விரிகிறது என்று அல்ட்ராசவுண்டில் பார்க்கிறார்கள். நன்றாக விரிந்தால் உட்சுவர் ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

2015-ல் அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகக் குழு ஒன்று 11 இளைஞர்களை 6 மணி நேரம் உட்கார வைத்தது. முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் தமனியின் விரியும் திறன் குறைந்துவிட்டது. மேல்கைத் தமனியில் அப்படிக் குறையவில்லை. ஆனால் நுண்குழாய்களின் செயல்பாடு கை, கால் இரண்டிலுமே குறைந்தது. பிறகு 10 நிமிஷம் நடக்கச் சொன்னார்கள். கால் தமனி பழைய நிலைக்கு வந்துவிட்டது.

பல வருஷம் சிகரெட் பிடித்தவரின் நுரையீரலை 10 நிமிஷ நடை மீட்டுத் தருமா? ஒப்புமை இங்கேயே உடைந்துபோகிறது. இன்னொன்று, அந்த 11 பேரும் ஆரோக்கியமான இளம் ஆண்கள். பெண்கள், வயதானவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள் யாரும் அதில் இல்லை. ஒரு நாள் குறைந்து திரும்பி வருகிற இந்தத் திறன், தினமும் குறைந்தால் வருஷக்கணக்கில் நோயாக மாறுமா என்ற கேள்விக்கும் ஒரு நாள் சோதனையால் பதில் சொல்ல முடியாது.

எனக்கு முக்கியமாகப் பட்டவை 2016-ல் அதே பல்கலைக்கழகத்திலிருந்து வந்த இரண்டு சோதனைகள். இரண்டிலும் 3 மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒன்றில் ஒரு பாதத்தை மட்டும் வெந்நீரில் வைத்து அந்தக் காலின் ரத்த ஓட்டத்தைக் குறையாமல் பார்த்துக்கொண்டார்கள். இன்னொன்றில் ஒரு காலை மட்டும் 1 நிமிஷம் ஆட்டி, 4 நிமிஷம் ஓய்வு கொடுத்தார்கள். இரண்டிலும் சும்மா இருந்த கால் பாதிக்கப்பட்டது. மற்றக் கால் தப்பித்தது. ஆள் ஒருவர், நாற்காலியும் ஒன்று! அப்படின்னா குற்றவாளி நாற்காலி இல்லை. அசையாமல் இருப்பதால் காலில் ஓட்டம் குறைவதுதான் சிக்கல். ‘காலாட்டாதே, வீட்டுக்கு ஆகாது’ என்று அதட்டப்பட்டு வளர்ந்தவர்கள் இதைப் படித்துச் சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம்.

இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு எதற்கு மல்லுக்கட்ட வேண்டும் என்று கேட்கலாம். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு, ‘உட்காராதே’ என்பது ஆகாத காரியம். ‘நடுநடுவே காலை ஆட்டு, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வா’ என்பது ஆகிற காரியம்.

அங்கிருந்து கொஞ்ச தூரம்தான் தி.நகர். அங்கே ஜவுளிக் கடைகளில் வேலை செய்யும் பெண்களுக்குப் பிரச்சினை நேர் எதிரானது: நாள் முழுக்க நிற்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றாலும் கெண்டைக்கால் தசை வேலை செய்யாது, ரத்தம் கீழேயே தேங்கும். கால் வீக்கமும் வெரிகோஸ் வெயினும் அவர்களுக்குப் பழகிப்போன தொல்லைகள். கேரளம் 2018-ல் செய்ததைத் தொடர்ந்து, 2021-ல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றது. ‘உட்கார்ந்தால் ஆபத்து’ என்ற வாசகம் இந்தப் பெண்களுக்கு எதிராகத் திரும்பிவிடக் கூடாது. ‘நிற்பது உடம்புக்கு நல்லதுதானே’ என்று ஒரு முதலாளி சொல்ல அது இடம் கொடுக்கிறது. ஆய்வுகள் அப்படிச் சொல்லவே இல்லை.

படிக்கிற பையனுக்கு எழுந்திருக்க வேண்டும், கடைப் பெண்ணுக்கு உட்கார வேண்டும். இரண்டு பேருக்கும் தேவைப்படுவது, யாரையும் கேட்காமல் நிலையை மாற்றிக்கொள்ளும் உரிமை.