வரலாற்றுக் கருப்பொருளும் தொடக்கப்பள்ளிப் பருவத் திட்டமும்: ஒரு மொழியியல் மதிப்பீடு

1. தொடக்கப்பள்ளியில் ஒரு பருவம் முழுவதற்கும் ஒரு வரலாற்றுக் கருப்பொருளை மையமாக்கி, மொழி, கணக்கு, அறிவியல், ஓவியம் ஆகிய பாடங்களை அதனைச் சுற்றி அமைக்கும் முறை புதியதன்று. செயல்திட்ட முறை குறித்து 1918இல் கில்பாட்ரிக் எழுதிய கட்டுரையும், இங்கிலாந்தில் 1967இல் வெளிவந்த பிளவுடன் குழு அறிக்கையும் இதற்கு ஊக்கம் அளித்தன. நம் நாட்டில் 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பை ஒட்டி, 3 முதல் 5 வரையுள்ள வகுப்புகளின் சூழ்நிலையியல் கருப்பொருள்வழி அமைந்தது. தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறை அறிமுகமானபின் பருவமே திட்டமிடலின் இயல்பான அலகாயிற்று. வரலாற்றுக் கருப்பொருளைக் கொண்ட பருவத் திட்டங்களை மொழியியல் நோக்கில் மதிப்பிட இக்கட்டுரை முற்படுகிறது.

2. உப்புச் சத்தியாக்கிரகத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1930 மார்ச் 12ஆம் நாள் சபர்மதியிலிருந்து புறப்பட்ட காந்தியடிகள் ஏப்ரல் 6ஆம் நாள் தண்டியில் உப்பை அள்ளினார். இதனை ஐந்தாம் வகுப்பின் கருப்பொருளாக்கும் திட்டம் வழக்கமாகப் பின்வருமாறு அமையும்: ஏறத்தாழ 385 கிலோமீட்டரை 24 நாள்களால் வகுப்பது கணக்கு, உப்புநீரை ஆவியாக்குவது அறிவியல், கைத்தடியுடன் நடக்கும் உருவம் வரைவது ஓவியம், பத்து வரிக் கட்டுரை எழுதுவது மொழிப்பாடம். பாடங்கள் ஒன்றோடொன்று இணைந்துவிட்டன போல் தோன்றும். ஆயின், தண்டிக்குப் பதிலாக வேறோர் ஊரை வைத்தாலும் இவ்வகுத்தல் கணக்கு மாறாது. நான்கு பாடங்களிலும் வரலாறு பெயரளவில் உள்ளதேயன்றி, வரலாற்றுச் சிந்தனை எதனுள்ளும் இல்லை. இங்கிலாந்தில் 1992இல் அலெக்சாண்டர், ரோஸ், உட்ஹெட் மூவரும் அளித்த அறிக்கை, கருப்பொருள்வழிக் கற்பித்தலில் பெரும்பகுதி துண்டுதுண்டாகவும் மேலோட்டமாகவும் இருப்பதாகக் குறை கூறியது. அக்குறை நம் திட்டங்களுக்கும் பொருந்தும்.

3. இக்குறையை நீக்கக் கூடுதல் செய்திகளைச் சேர்த்தல் போதாது. வரலாறு என்பது செய்தித் தொகுதி மட்டுமன்று. ஒரு செய்தி எவ்வாறு அறியப்பட்டது என்பதைக் கூறும் மொழிமுறையுமாகும். இம்மொழிமுறைக்குரிய இலக்கணக் கூறு தமிழ்க் குழந்தையிடம் பள்ளிக்கு வருமுன்பே உள்ளது. 'மாமா வந்தார்' என்பதற்கும் 'மாமா வந்தாராம்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அது அறியும். பின்னதில் உள்ள '-ஆம்' என்னும் ஒட்டு, செய்தி பிறர்வழிக் கேட்டது என்பதைக் காட்டுகிறது. தெலுங்கில் '-அட', கன்னடத்தில் '-அந்தெ', மலையாளத்தில் '-அத்ரே' ஆகியன இப்பணியைச் செய்கின்றன.

பாடநூல் தமிழிலோ இவ்வேறுபாடு பெரிதும் மறைந்துவிடுகிறது. 'புறப்பட்டார்', 'நடந்தார்', 'அள்ளினார்' என அனைத்தும் ஒரே உறுதிப்பாட்டுடன் கூறப்படுகின்றன. இடையிடையே வரும் 'கூறப்படுகிறது', 'என்பர்' போன்ற தொடர்களோ குழந்தையின் பேச்சுவழக்கில் இல்லாதவை. இதனால் அச்சிட்ட அனைத்தும் ஒரே தரத்து உண்மை எனக் குழந்தை கொள்கிறது. வீட்டுமொழி தந்த ஓர் அறிவுக் கருவியைப் பள்ளிமொழி பயன்படுத்தாமல் விடுகிறது.

4. பருவத் திட்டத்தை இக்கருவியைச் சுற்றி அமைக்கலாம். முதற்கட்டத்தில் கண்முன் உள்ளவற்றை மட்டும் கூறும் தொடர்கள்: புகைப்படம், நிலப்படம், உப்பு ஆகியவற்றில் என்ன தெரிகிறது? இரண்டாம் கட்டத்தில் பிறர் கூற்றைச் சுட்டும் தொடர்கள்: யார் கூறினார், எப்போது கூறினார்? மூன்றாம் கட்டத்தில் காரணத் தொடர்களும் 'இருக்கலாம்' என முடியும் ஊகத் தொடர்களும். தண்டிப் பயணத்தில் சென்றோர் தொகை 78 முதல் 81 வரை நூல்கள்தோறும் வேறுபடுகிறது. காந்தியடிகளைச் சேர்த்து எண்ணுவதா, பின்னர் இணைந்தோரைச் சேர்ப்பதா என்பதைப் பொறுத்தது இவ்வேறுபாடு. 'எது சரியான விடை?' என்பதைவிட 'ஏன் வேறுபடுகிறது?' என்பதே இங்குப் பயன்தரும் வினா.

வேதாரணியப் பயணம் இதற்குத் துணைபுரியும். 1930 ஏப்ரல் 13ஆம் நாள் இராஜாஜி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து தொண்டர்கள் புறப்பட்டனர். அவர்களுக்கு உணவும் உறைவிடமும் தருவோர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரித்தார். எச்சரிக்கையை மீறி மக்கள் உதவினர். அரசு எச்சரிக்கை எழுத்தில் நிற்கும். மறைவாகச் சோறு வைத்தவர் செய்தி பெரும்பாலும் வாய்மொழியாகவே வரும். முன்னதற்கு 'எச்சரித்தார்', பின்னதற்கு 'வைத்தார்களாம்' என மாணவர் எழுதின், அவர் சான்றுகளின் தன்மையை உணர்ந்தார் எனலாம். வாய்மொழிச் செய்தி தாழ்ந்தது என்பது இதன் பொருளன்று. வேறு வகையில் சோதிக்கப்பட வேண்டியது என்பதே பொருள்.

5. இரு தடைகள் கூறப்படலாம். '-ஆம்' சில சூழல்களில் ஐயத்தையும் எள்ளலையும் உணர்த்தும் என்பது ஒன்று. உண்மையே; அதனால்தான் ஒலிப்பும் சூழலும் பொருளை எவ்வாறு மாற்றுகின்றன என்பதை வகுப்பில் பேசிக்காட்டுதல் வேண்டும். இவ்வயதினர்க்கு இது கடினம் என்பது மற்றொன்று. துருக்கி மொழியில் இத்தகைய '-மிஷ்' விகுதியைக் குழந்தைகள் இளமையிலேயே பெறினும், அது சுட்டும் செய்தி மூலத்தைப் பிரித்தறியும் திறன் பின்னரே வளர்கிறது எனக் குழந்தைமொழி ஆய்வுகள் காட்டுகின்றன. வடிவம் முன்னும் தெளிவு பின்னும் வருமாயின், அவ்விடைவெளியில் துணைநிற்பதே தொடக்கப்பள்ளியின் கடமை.

6. ஆகவே, பருவ இறுதித் தேர்வில் 'தண்டிப் பயணம் எப்போது தொடங்கியது?' என்னும் வினாவோடு, 'அது உனக்கு எப்படித் தெரியும்?' என்னும் வினாவும் இடம்பெற வேண்டும். கைப்பேசி வழி வரும் செய்தி எதனையும் ஆராயாது நம்பும் பழக்கம் பரவியுள்ள இந்நாளில், அறிந்ததையும் கேட்டதையும் ஊகித்ததையும் வேறுபடுத்தி எழுதப் பத்து வயதில் பழகுவது சிறு பயனன்று. அதற்கான சொற்களை நம் மொழிகள் முன்னரே தந்துள்ளன. அவற்றைப் பயன்படுத்தாத திட்டம், எத்தனை பாடங்களை இணைப்பினும், வரலாற்றைக் கற்பித்ததாகாது.