கந்தகக் கணக்கில் வரவுப் பக்கம் எங்கே?

2015 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனல்மின் நிலையங்களின் சல்ஃபர் டை ஆக்சைடுக்கு வரம்பு போட்டது. கெடு இரண்டு வருஷம். அப்புறம் கெடு தள்ளிக்கொண்டே போனது. 2025 ஜூலை அறிவிப்பில் சுமார் 78% யூனிட்டுகளுக்கு எஃப்ஜிடி என்ற கந்தக நீக்கக் கருவியே வேண்டாம், புகைபோக்கி விதிப்படி உயரமாக இருந்தால் போதும் என்று முடிந்தது. இவை பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களிலிருந்தும், மாசு மிகுந்தவை என்று பட்டியலிட்ட இடங்களிலிருந்தும் 10 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவை.

சொன்ன காரணங்கள்: இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு, சுற்றுப்புறக் காற்றில் அளந்தால் அந்த வாயு வரம்புக்குள் இருக்கிறது, கருவிக்குச் செலவு அதிகம்.

முதல் காரணத்தை நானும் ரொம்ப நாள் நம்பினேன். ஒருநாள் கணக்குப் போட்டேன். கந்தகம் 0.5% என்றே வைத்துக்கொள்வோம். நம்ம கரியில் சாம்பல் அதிகம், வெப்பம் குறைவு. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 700 கிராம் எரிக்கணும். 1000 மெகாவாட் நிலையம் முழு அளவில் ஓடினால் நாளுக்கு 16,800 டன். எரியும்போது கந்தகம் தன் எடையைப்போல இரு மடங்கு வாயுவாகும். ஆக, 168 டன். கொஞ்சம் சாம்பலில் தங்கும், சரி. ஆனாலும் 'குறைவு' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டாவதுதான் பெரிய ஓட்டை. அந்த வாயு வாயுவாகவே நிற்பதில்லை. ஓரிரு நாட்களில் காற்றிலேயே மாறி, அம்மோனியாவோடு சேர்ந்து சல்ஃபேட் துகளாகிறது. அது பிஎம் 2.5 கணக்கில் வரும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். பக்கத்தில் நின்று வாயுவை அளந்தால் அது எப்படித் தெரியும்? 10 கிலோமீட்டர் கோட்டுக்கும் இதே கேள்விதான். உயரமான புகைபோக்கியை பிரிட்டனும் நம்பியது. அமிலமழை நார்வே, ஸ்வீடன் ஏரிகளில் போய் விழுந்தது.

செலவு பொய்யில்லை. கருவி சுண்ணாம்புக்கல், தண்ணீர், மின்சாரம் மூன்றையும் தின்னும்; கார்பன் டை ஆக்சைடும் சற்றுக் கூடும். சீக்கிரம் மூடப்போகும் பழைய யூனிட்டுக்கு வேண்டாம் என்றால் ஒத்துக்கொள்வேன். ஆனால் வரவுப் பக்கத்தில் துகளைச் சேர்க்காமல் விடுவது வேறு சமாச்சாரம். அமெரிக்காவில் 2011 பாதரச விதிக்கு ஆண்டுச் செலவு 960 கோடி டாலர் என்றார்கள். பாதரசம் குறைவதால் மட்டும் வரும் பயன் 40 முதல் 60 லட்சம் டாலர். கூடவே குறையும் நுண்துகளையும் சேர்த்தபோது அது 3,700 முதல் 9,000 கோடி டாலர் ஆனது. விதி அதேதான், கருவிகளும் அதேதான்.