சுவைஞரும் சம்சுவும்

கோலாலம்பூரில் நம்மவருள் வசதி படைத்த கனவான்கள் சிலரிடையே விஸ்கியைப் பற்றிப் பேசுவது ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது. எந்தச் சரக்கு எத்தனை ஆண்டு மரப்பீப்பாயில் கிடந்தது, எதில் புகைமணம் வீசுகிறது, எதில் உலர்ந்த பழத்தின் வாசனை எழுகிறது என்று பிரிக்பீல்ட்ஸ் விருந்துகளில் நடக்கும் விசாரணையைக் கேட்போர், ஏதோ காவியத்துக்கு உரை வகுக்கிறார்களோ என்று மயங்குவர். 'இஃது எம் சொந்தச் சுவை. இதில் தலையிட எவருக்கும் உரிமையில்லை' என்பது அவர்களுடைய முடிந்த முடிபு. சுவை என்று சொல்லிவிட்டால் அது விமரிசனத்துக்கு உட்பட்டதாகிவிடுகிறதன்றோ! ஆகவே இலக்கியப் பகுதியில் அதனை ஆராய்வது முறையே.

அவர்கள் கூறுவது முழுவதும் பொய்யென்று நாம் சொல்லவில்லை. ஓக் மரப்பீப்பாயில் 3 ஆண்டுகளேனும் கிடவாத சரக்கைச் சட்டப்படி ஸ்காட்ச் விஸ்கி என்று விற்க முடியாது. ஐலாத் தீவில் முளைகட்டிய வாற்கோதுமையைச் சதுப்பு நிலத்து மக்கிய புல்மண்ணை எரித்த புகையில் உலர்த்துகிறார்கள். அந்தப் புகைமணம் கற்பனையன்று. ஆனால் இத்தனை மணத்தையும் சோடாவும் பனிக்கட்டியும் கொட்டி மூழ்கடித்த பிறகு எஞ்சுவது போத்தலின்மேல் ஒட்டிய சீட்டின் சுவையே என்பது நம் ஐயம்.

தமிழுக்கு இப்பேச்சு புதிதன்று. தேறல், நறவு, தோப்பி என்று சங்கப் புலவர் மதுவுக்கு வழங்கிய பெயர்கள் பல. யவனர் கலத்தில் வந்த மதுவைப் பாண்டியனுக்கு வாழ்த்தாக வைத்துப் பாடினார் நக்கீரர். சீமைச் சரக்கின்மீது மோகம் அன்றே தொடங்கிவிட்டது போலும்! அதியமான் இறந்தபோது ஔவை பாடிய புறப்பாட்டிலும் கள் வருகிறது. ஆனால் அது இனித்ததா, புளித்ததா என்று அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சிறிதளவே கிடைத்தால் அதைத் தமக்கே கொடுத்துவிட்டவனின் கையைத்தான் நினைந்து அழுகிறார். இரண்டில் ஔவையின் பாட்டே உயர்ந்ததென்பது நம் தீர்ப்பு.

தோட்டத்துத் தென்னங்கள்ளுக்கும் சுவை உண்டு. காலையில் இறக்கியது இனிக்கும். வெயில் ஏற ஏறப் புளிப்பும் வெறியும் ஏறும். அந்த வேறுபாட்டை நாவால் அறிந்த தொழிலாளியை எவரும் சுவைஞர் என்று அழைத்ததில்லை. குடிகாரன் என்றே அழைத்தனர். அதன்பின் பரவிய சம்சுவுக்கோ அந்தச் சுவையும் இல்லை. மலிவான சிறு போத்தல், தொண்டையில் ஒரு சூடு, அவ்வளவே. கிள்ளான் சந்து ஒன்றில் அதைக் கையில் வைத்திருப்பவனைக் காணும் விஸ்கிக் கனவான், 'இந்த இனம் உருப்படாது' என்று வருந்துகிறார். தம் கிண்ணத்துக்கு இலக்கிய மொழி, அவன் போத்தலுக்கு நீதிநூல் மொழி!

நீதிநூலை எடுத்தால் அதை இருவருக்குமே எடுக்க வேண்டாமா? கள்ளுண்ணாமை அதிகாரத்தில் வள்ளுவர் விலை விசாரிக்கவில்லை.

கள்ளைப் பற்றித் தோட்டத்தார் தாமே கூறிய விமரிசனமும் உண்டு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர், ஆர். எச். நாதன் முதலியோர் முன்நின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வழிகாட்டலில் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வு வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றவர்கள், அதே பட்டியலில் தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டனர். தங்கள் கால்களே நாள்தோறும் போய் நின்ற கடையை மூடச் சொன்னார்கள்! நாதன் கைது செய்யப்பட்டார், படை வந்தது, உயிர்கள் போயின.

கள்ளுண்பாரை நஞ்சுண்பாரோடு ஒப்பிட்டார் வள்ளுவர். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் அந்த உவமை உவமையாக நிற்கவில்லை. மெத்தனால் கலந்த மலிவுச் சரக்கைக் குடித்து 40க்கு மேற்பட்டோர் மாண்டனர். நேபாளம், மியன்மா, வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர் அவர்களுள் பலர். மெத்தனாலை நாவாலோ மூக்காலோ பிரித்தறிய இயலாது. அப்போத்தல்கள் சிலவற்றின் சீட்டில் இருந்த சொல்லும் விஸ்கி என்பதே. அந்தச் சரக்கைப் பற்றிப் பிரிக்பீல்ட்ஸ் விருந்துகளில் சுவை விசாரணை நடந்ததாக நாம் கேள்விப்படவில்லை.