துப்பாக்கிக்கு முன்னால் நிற்கும் உடல்: லாவ் கார்-லியுங்கின் சில படங்களை முன்வைத்து

சில மாதங்களுக்கு முன்பு ஒரு நினைவேந்தல் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பேச்சாளர் நன்றாகப் பேசினார். உயிரைக் கொடுக்காமல் எந்த மக்களும் எதையும் பெற்றதில்லை என்று அவர் முடித்தபோது கைதட்டியவர்களில் நானும் ஒருவன். முன்வரிசையில் கல்லூரிப் பையன்கள் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அவர்களைப் பார்த்துத்தான் அதைச் சொன்னார். அவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கொடுக்கச் சொல்பவரின் வயது என்ன, கொடுக்க வேண்டியவர்களின் வயது என்ன என்கிற கணக்கு அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அன்றிரவு நண்பர் அறையில் தூக்கம் வராமல் ஒரு பழைய ஹாங்காங் படத்தைப் போட்டோம். 1982இல் வந்த 'லெஜண்டரி வெப்பன்ஸ் ஆஃப் சைனா'. சும்மா பொழுது போகட்டும் என்றுதான் பார்க்க ஆரம்பித்தோம். படத்தின் தொடக்கப் பகுதியிலேயே பயிற்சி பெற்ற இளைஞர்களைத் துப்பாக்கிகளுக்கு முன்னால் நிறுத்துகிறார்கள். மந்திரமும் மூச்சுப் பயிற்சியும் உடம்பைக் குண்டு துளைக்காததாக ஆக்கிவிட்டதா என்று பார்க்க வேண்டுமாம். சுடுகிறார்கள். பையன்கள் செத்துப்போகிறார்கள். அடுத்த குழுவுக்குப் பயிற்சி தொடர்கிறது. மாலையில் நான் தட்டிய கை அப்போதுதான் எரிந்தது.

இந்தக் கட்டுரை அந்தப் படத்தையும், அதை எடுத்த லாவ் கார்-லியுங்கின் அதிகம் பேசப்படாத வேறு சில படங்களையும் பற்றியது. தீவிர சினிமா பேசுகிற நம் வட்டத்தில் இவற்றுக்கு இடம் கிடையாது. பெர்க்மன், தார்க்கோவ்ஸ்கி என்று ஆரம்பித்து நாம் எங்கெங்கோ போவோம். குங்ஃபூ என்றால் 'அடிதடிப் படம்தானே' என்று ஒரு சிரிப்பு. மிஞ்சிப்போனால் புரூஸ் லீ. இன்னும் மிஞ்சினால் 'தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவ்லின்'. அந்தச் சிரிப்பை நானும் பல வருஷம் சிரித்தவன்தான். கூலிக்காரனும் ரிக்‌ஷாக்காரனும் விசிலடித்துப் பார்க்கும் பிரதியில் சிந்தனை இருக்க முடியாது என்கிற முன்முடிவு அதில் இருக்கிறது. மக்கள் கலை என்று மேடையில் பேசிவிட்டு, மக்கள் உண்மையில் பார்க்கும் கலையை மட்டும் ஒதுக்கிவைக்கிற இந்த வழக்கத்தை நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

1

லாவ் கார்-லியுங் (2013இல் இறந்தார்) சண்டையைப் புத்தகத்தில் படித்து வந்தவர் இல்லை. அவருடைய தகப்பனார் லாவ் சாம், லாம் சாய்-விங்கின் மாணவர். லாம் சாய்-விங், பன்றிக்கறிக் கடை வைத்திருந்தவர் என்று சொல்லப்படுபவர், வோங் ஃபெய்-ஹுங்கின் சீடர். 1949இல் தொடங்கிய வோங் ஃபெய்-ஹுங் படவரிசையில் தகப்பனாரும் மகனும் சின்னச் சின்ன வேடங்களில் தலைகாட்டினார்கள். பிறகு மகன் ஷா பிரதர்ஸ் ஸ்டுடியோவில் சண்டைப் பயிற்சியாளர் ஆனார். இயக்குநர் சாங் செவின் படங்களுக்குப் பல வருஷம் சண்டை அமைத்துக் கொடுத்துவிட்டு, 1975இல் 'தி ஸ்பிரிச்சுவல் பாக்ஸர்' மூலம் தானே இயக்குநரானார். சண்டை அமைப்பவன் என்றால் ஸ்டுடியோ படிநிலையில் கைவேலைக்காரன். அந்தக் கைவேலைக்காரன் கேமராவுக்குப் பின்னால் வந்து நின்றதும் சண்டையின் அர்த்தமே மாறுகிறது. இதுதான் முதலில் கவனிக்க வேண்டியது.

எல்லோருக்கும் தெரிந்த 'தி 36த் சேம்பர்' (1978) படத்தின் பெரும்பகுதி பயிற்சி. கைகளைப் பக்கவாட்டில் நீட்டித் தண்ணீர் வாளிகளைச் சுமந்து மேலேறும் நாயகனுக்குக் கை தாழ்ந்தால் குத்தும்படி கத்தி கட்டியிருக்கும். ரசிகர்கள் நினைவில் வைத்திருப்பது இதைத்தான். ஆனால் படத்தின் அரசியல் தலைப்பில் இருக்கிறது. மடத்தில் இருப்பவை 35 அறைகள்தாம். வித்தையை மடத்துக்கு வெளியே உள்ள சாதாரண ஜனங்களுக்குக் கற்றுக்கொடுக்க 36ஆவது அறை வேண்டும் என்று நாயகன் கேட்கிறான். புனித மதிலுக்குள் பூட்டிய அறிவைத் தெருவுக்குக் கொண்டுவரும் கோரிக்கை அது.

இதன் தொடர்ச்சியான 'ரிட்டர்ன் டு தி 36த் சேம்பர்' (1980) படத்தைப் பற்றி அநேகமாக யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் முதல் படத்தைவிட நெருக்கமானது. கதை நடப்பது ஒரு சாயப்பட்டறையில். மஞ்சு முதலாளிகளின் ஆட்கள் வந்து தொழிலாளிகளின் கூலியைக் குறைக்கிறார்கள். தொழிலாளிகள் ஒரு எத்தனைப் (முதல் படத்தின் நாயகன் கோர்டன் லியுவேதான்) பெரிய ஷாவ்லின் துறவியாக வேஷம் போட்டுக் கூட்டிவருகிறார்கள். வேஷம் கலைகிறது, எல்லோருக்கும் உதை விழுகிறது. வெட்கம் தாங்காமல் அவன் மடத்துக்குப் போய்ச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கிறான். பெரியவர் வித்தை சொல்லிக்கொடுப்பதில்லை. மடத்தைச் சுற்றி மூங்கில் சாரம் கட்டச் சொல்கிறார். வருஷக்கணக்கில் கட்டுகிறான். தனக்கு ஒன்றுமே தெரியாது என்று நினைத்துக்கொண்டு ஊர் திரும்பினால், கட்டுகிற கை, முறுக்குகிற கை, மூங்கிலில் நடக்கிற கால் எல்லாம் வித்தையாகி நிற்கின்றன. முதலாளியின் அடியாட்களை அவன் ஜெயிப்பது சாரம் கட்டும் வேலையால்தான்.

ஹாங்காங்கின் வானளாவிய கட்டடங்கள் மூங்கில் சாரத்தின் மேல் எழுந்தவை என்பதை இதோடு சேர்த்து வாசியுங்கள். உழைக்கும் உடம்புக்குள் ஏற்கெனவே ஓர் அறிவு இருக்கிறது, அதற்கு அது தெரியாமல் பார்த்துக்கொள்வதில்தான் அதிகாரம் இருக்கிறது என்று ஒரு 'அடிதடிப் படம்' சொல்கிறது. கூலிப் பிரச்சினையை இவ்வளவு சிரிக்கச் சிரிக்கச் சொன்ன 'தீவிர' சினிமா எத்தனை இருக்கிறது?

2

சரி, ஜனங்களுக்கு வித்தை கற்றுக்கொடுத்தாயிற்று. கற்ற உடம்பை அப்புறம் என்ன செய்வது? இந்தக் கேள்வியைக் கேட்கும் படம்தான் 'லெஜண்டரி வெப்பன்ஸ்'.

பின்னணி பாக்ஸர் எழுச்சி. 19ஆம் நூற்றாண்டின் முடிவில், அந்நிய ஆதிக்கமும் பஞ்சமும் நெருக்க, வட சீனத்து ஏழை விவசாய இளைஞர்கள் சங்கங்களாகத் திரண்டார்கள். சடங்குகளால் சாமி தங்கள்மேல் இறங்கும், குண்டு துளைக்காது என்று நம்பினார்கள். 1900இல் பீக்கிங்கில் அந்நியத் தூதரகங்களை 55 நாள் முற்றுகையிட்டார்கள். எட்டு நாடுகளின் கூட்டுப் படை வந்து நசுக்கியது. 1901 ஒப்பந்தத்தில் சீனாவின் தலையில் 45 கோடி டேல் வெள்ளி நஷ்டஈடு விழுந்தது.

நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. 1900 ஆகஸ்ட் 14 அன்று தூதரகப் பகுதிக்குள் நுழைந்த பிரிட்டிஷ் படை பெரும்பாலும் இந்தியச் சிப்பாய்களால் ஆனது. அந்தப் போருக்காக 'சீனா 1900' என்ற போர்ச் சிறப்பைப் பெற்றவற்றில் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவும் உண்டு. சாமி இறங்கும் என்று நம்பி மார்பைக் காட்டிய சீன விவசாயிக்கு எதிரே வெள்ளைக்காரன் நிறுத்திய வரிசையில் நம்மவர்களும் இருந்தார்கள். காலனியம் ஏழையை ஏழைக்கு எதிரே நிறுத்திய கதைகளில் இதுவும் ஒன்று.

லாவ் இந்த வரலாற்றுக்கு இரண்டு தடவை வருகிறார். முதல் படமான 'ஸ்பிரிச்சுவல் பாக்ஸ'ரில் சாமி வந்ததாக நடித்துப் பிழைக்கும் ஏமாற்றுக்காரனின் கதையாக, நகைச்சுவையாக. ஏழு வருஷம் கழித்து அதே விஷயம் கனத்துப்போய் வருகிறது. யுன்னான் கிளையின் தலைவன் லெய் குங் (லாவே நடிக்கிறார்) வித்தையில் கரைகண்டவன். அவனுக்கு ஒன்று தெரியும்: எந்த வித்தையும் குண்டைத் தடுக்காது. பையன்களைப் பொய் சொல்லிச் சாகக் கொடுக்க மனம் இல்லாமல் கிளையைக் கலைத்துவிட்டு, விறகுவெட்டியாக ஒளிந்து வாழ்கிறான். இயக்கம் அவனைத் துரோகி என்கிறது. ஒருவரையொருவர் அறியாத கொலையாளிகள் அனுப்பப்படுகிறார்கள்.

படத்தின் வலு இங்கேதான் இருக்கிறது. லெய் குங்கைக் கொல்ல வருகிறவர்கள் அந்நியர்கள் இல்லை. அந்நியன் படத்தில் அநேகமாகக் கண்ணிலேயே படுவதில்லை. தேசபக்தி அத்தனையும் உள்ளே திரும்பி, 'சாக மாட்டேன், சாகவிடவும் மாட்டேன்' என்றவனைத் துரத்துகிறது. இடையில் அலெக்சாண்டர் ஃபூ ஷெங் போலி லெய் குங்காக வந்து, போலி ரத்தத்தோடு சந்தையில் வித்தை காட்டுகிறார். அரங்கம் சிரிப்பில் அதிரும் காட்சி. சங்கத்தின் புனிதச் சடங்குக்கும் இந்தச் சந்தை வித்தைக்கும் என்ன வித்தியாசம் என்று அந்தச் சிரிப்பு கேட்கிறது. ஒரே வித்தியாசம், இவனுடைய வித்தையில் யாரும் சாவதில்லை.

முடிவில் லெய் குங்கின் சொந்தத் தம்பியே கொல்ல வருகிறான். நடிப்பவர் லாவின் நிஜத் தம்பி லாவ் கார்-விங். பதினெட்டு வகை ஆயுதங்களும் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. கேமரா தள்ளி நின்று கை, கால், ஆயுதம் மூன்றையும் முழுசாகக் காட்டுகிறது. ஒருவர் கேட்க மற்றவர் பதில் சொல்கிற வாதம்போல நடக்கிறது சண்டை. லெய் குங் ஜெயிக்கிறான், ஆனால் தம்பியைக் கொல்வதில்லை. வித்தையின் அழகு அத்தனையையும் காட்டிவிட்டு, துப்பாக்கிக்கு முன்னால் இது செல்லாது, ஆகவே இதைச் சாவதற்குப் பயன்படுத்தாதே என்கிறது படம். குங்ஃபூ படமே குங்ஃபூவின் எல்லையைச் சொல்கிறது.

3

இதன் கனம் தெரிய சாங் செவைப் பக்கத்தில் வைக்க வேண்டும். 1967இல் ஹாங்காங்கில் ஒரு பிளாஸ்டிக் பூ தொழிற்சாலைத் தகராறில் தொடங்கிய கொந்தளிப்பு பெரும் கலவரமானது. அதே வருஷம் வந்ததுதான் சாங் செவின் 'தி ஒன்-ஆர்ம்ட் ஸ்வார்ட்ஸ்மேன்'. அவருடைய இளைஞர்கள் வெற்றுமார்போடு, வயிறு கிழிந்தும் நின்றபடியே சண்டை போட்டுச் சாவார்கள். கோபக்கார தலைமுறைக்கு அந்தப் படங்கள் ஒரு குரலைக் கொடுத்தன, மறுக்கவில்லை. ஆனால் அங்கே சாவுதான் உச்சம். அந்தச் சாவுகள் பலவற்றை அமைத்துக் கொடுத்த கைகளில் லாவின் கையும் ஒன்று. வெளியே வந்தபிறகு அவர் எடுத்த 'ஹீரோஸ் ஆஃப் தி ஈஸ்ட்' (1978) படத்தில் சீனக் கணவனோடு மல்லுக்கு நிற்கும் ஜப்பானிய மனைவிக்காக ஜப்பானிலிருந்து வீரர்கள் வரிசையாக வருகிறார்கள். ஒருவர்கூடச் சாவதில்லை. ஜப்பானியன் என்றாலே வில்லன் என்றிருந்த காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

லாவைப் புனிதராக்கவும் நான் தயாரில்லை. 'மை யங் ஆன்ட்டி' (1981) படத்தில் கிழவரை மணந்த இளம்பெண், உறவுமுறையால் தன்னைவிட மூத்த ஆம்பிளைகளுக்குச் சித்தியாகிவிடுகிறாள். நரைத்த மருமகன் அவள் காலில் விழுகிறார். வயசுக்கும் முறைக்கும் நடுவே சிக்கிய நம் வீட்டு விசேஷங்களைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். சிறுவயதில் வான்சாய் தெருக்களில் கையேந்தி வளர்ந்த காரா ஹுய் இதில் நடித்ததற்காக 1982இல் முதல் ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த நடிகை ஆனார். ஆனாலும் கடைசிச் சண்டையை ஆண்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அவள் ஓரமாகிப்போகிறாள். ஜனங்களுக்குத் திறந்த 36ஆவது அறையின் கதவு பெண்ணுக்குப் பாதிதான் திறந்திருக்கிறது.

'தி எய்ட் டயக்ராம் போல் ஃபைட்டர்' (1984) இன்னும் சிக்கலானது. கொல்லாமை விரதம் பூண்ட துறவிகள் மர ஓநாய்களின் பல்லைப் பிடுங்கிப் பழகுகிறார்கள். கடைசியில் கம்புகளால் எதிரிகளின் பல்லைப் பிடுங்குகிறார்கள். கொல்லவில்லைதான். ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை. தன் அறத்தையே லாவ் சந்தேகிக்கிறார் என்று படுகிறது. படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது, 1983 ஜூலையில், ஃபூ ஷெங் கார் விபத்தில் இறந்தார். வயது 28. அவருடைய பாத்திரம் படத்தின் நடுவே மறைந்துபோகிறது. அதற்குப் பிறகு படத்தில் சிரிப்பே இல்லை.

4

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது, "தோழர், இது சரணடையச் சொல்ற படம் இல்லையா?" என்றார். கேட்க வேண்டிய கேள்வி. லெய் குங் சண்டை போடாதவன் இல்லை. பதினெட்டு ஆயுதமும் எடுக்கிறான். பாக்ஸர்களின் கோபம் பொய் என்றும் படம் சொல்லவில்லை. அந்தக் கோபத்துக்கு நியாயம் இருந்தது. அந்த நியாயத்தைக் காட்டிப் பையன்களிடம் பொய் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை என்பதுதான் அவன் தரப்பு.

நம் மேடைகளில் குண்டு துளைக்காத உடம்பு என்று யாரும் சொல்வதில்லை. செத்தால் அழிவில்லை என்கிறோம். வரலாறு உன்னை ஏந்திக்கொள்ளும் என்கிறோம். 1964இலிருந்து இங்கே தங்களுக்குத் தாங்களே தீ வைத்துக்கொண்டவர்களின் பெயர்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் வாசிக்கப்படுகின்றன. அவர்களைக் கொச்சைப்படுத்தும் எண்ணம் எனக்கு இல்லை. அவர்களுடைய வலி உண்மை. என் கேள்வி, அவர்களுக்குப் பின்னால் நின்று மைக்கைப் பிடித்தவர்களுக்கும் கைதட்டியவர்களுக்கும். அதாவது எனக்கும்.

அந்தப் பேச்சாளரை மறுபடி சந்தித்தால் இந்தப் படத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறேன். கோபப்படுவார். பரவாயில்லை. முன்வரிசையில் இருந்த பையன்களில் ஒருவன் போன வாரம் என்னிடம் புத்தகம் வாங்க வந்தான். அவனுக்கு முதலில் போட்டுக் காட்டலாம் என்று நினைக்கிறேன். சாரம் கட்டும் படத்தையும் சேர்த்து.