திறந்த கதவும் உயர்ந்த படியும்

யாரும் வரலாம், யாரும் எழுதலாம் என்ற அழைப்போடு 2003ஆம் ஆண்டு பிறந்தது தமிழ் விக்கிப்பீடியா. அது பட்டம் கேட்கவில்லை; பரம்பரை கேட்கவில்லை; பிறந்த குலம் எதுவென்றும் கேட்கவில்லை. ஒரு சாரார் ஓதவும் மறுசாரார் ஒதுங்கி நிற்கவும் விதிக்கப்பட்டிருந்த நாட்டில் இப்படியோர் அழைப்பு எழுந்ததே பெரும் மாறுதலன்றோ! ஈழத்தவரான மயூரநாதன் முன்னின்று தொடங்கிய பணி, தமிழகத்தார் கரமும் கடல் கடந்து வாழ்வோர் கரமும் சேர, ஒன்றரை இலட்சம் கட்டுரைகளுக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. அங்கே எழுதுகிறவர் கற்கிறார், திருத்துகிறவர் கற்பிக்கிறார், நாளை இருவரும் இடம் மாறி அமர்கிறார்கள். ஆசான் பீடமில்லாத அறிவுக்கூடம் அது!

போற்றத்தக்கதைப் போற்றினோம். இனி ஆராயத்தக்கதை ஆராய்வோம். வகுப்பறையில் நிற்கும் நமக்கு ஓர் உண்மை நன்கு தெரியும்: கதவு திறந்திருப்பது மட்டும் போதாது, படியின் உயரத்தையும் பார்க்கவேண்டும்.

முதற்படி, கருவி. 2017–18இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, இந்தியச் சிற்றூர்களில் நூற்றுக்கு நான்கு வீடுகளிலேதான் கணினி இருந்தது. இணைய வசதி பதினைந்து வீடுகளில். நகரிலோ கணினி இருபத்து மூன்று, இணையம் நாற்பத்திரண்டு. இடைக்காலத்தில் கைப்பேசி பெருகிவிட்டது, உண்மை. ஆனால் வீட்டில் ஒரே கைப்பேசி என்றால், அது அண்ணன் கையில் இருக்குமா, தங்கை கையில் இருக்குமா? விடை நமக்குத் தெரியும். 2018இல் இந்திய மொழிக் கட்டுரைகளை வளர்க்க நடந்த வேங்கைத் திட்டம், எழுதுவோர்க்கு மடிக்கணினியும் இணையக் கட்டணமும் தந்தது. அழைப்பிதழோடு வழிச்செலவும் கொடுப்பதுதான் உண்மையான அழைப்பு என்பதை அத்திட்டம் உணர்த்திற்று.

இரண்டாம் படி, பெண்கள். 2011இல் விக்கிமீடியா அறக்கட்டளை உலகளவில் நடத்திய ஆய்வில், எழுதுவோரில் பத்தில் ஒருவர்கூடப் பெண்ணல்லர் என்று தெரிந்தது. தடை எழுதிய பலகை எங்கும் இல்லை, ஆயினும் வரவில்லை! ஏன்? அடுப்படி வேலை முடிந்து, அனைவரும் உறங்கிய பின்னன்றோ அவளுக்கு ஒரு நாழிகை ஓய்வு! அந்த ஓய்விலே எழுதிய முதற் கட்டுரை, காரணம் விளக்கப்படாமல் மறுநாள் நீக்கப்பட்டால் மறுமுறை வருவாளா? கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா, ஈழத்து வழக்கா தமிழக வழக்கா என்னும் வாதங்கள் தேவையானவையே. ஆனால் வாதம் புதியவரைப் பழக்கவேண்டும், பயமுறுத்தக் கூடாது.

மூன்றாம் படிதான் மிக உயரமானது: சான்று. கலைக்களஞ்சியம் ஒவ்வொரு செய்திக்கும் வெளியான சான்று கேட்கிறது. கேட்கட்டும்! சான்று கேட்பது பகுத்தறிவின் முதல் விதி. அதைப் பழிப்பவர் நாமல்லர். ஆனால் அச்சுக்கூடம் யார் வசம் இருந்தது? ஏட்டையும் எழுத்தாணியையும் எவரிடமிருந்து பறித்தார்களோ, அவரிடமே ஏட்டுச் சான்று கேட்பது என்ன நீதி? செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கியதால் ஒரு மக்களின் குரல் அச்சேறிற்று. இதழ் நடத்த வாய்க்காத ஆயிரம் ஊர்களின் குரல் எங்கே?

வண்டலூரையே பாருங்கள். 1985இல் உயிரியல் பூங்கா இங்கு வந்ததும், 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறக்கப்பட்டதும் எளிதில் கட்டுரையாகும், செய்தித்தாளே சான்று. ஆனால் இது ஏரிகளின் மாவட்டம். எந்த மதகை எப்போது திறப்பது, எந்தக் கால் எந்த ஏரிக்கு நீரைக் கொண்டு சேர்க்கும் என்பதை அறிந்திருந்தவர் நீர்க்கட்டி. அவர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட குடியைச் சேர்ந்தவர். அவர் அறிவு ஏட்டில் இல்லை. காலடியில் இருந்தது, நாவில் இருந்தது. 2015 டிசம்பரில் அருகிலுள்ள முடிச்சூர் மூழ்கியபோது, எவ்வளவு மழை என்பதற்குக் கணக்கு இருந்தது. தண்ணீர் முன்பு எந்த வழியே போயிற்று என்ற அறிவைக் கேட்டு எழுதிவைத்தோர் எத்தனை பேர்? விலக்கப்பட்டவர் மட்டுமா இழந்தார்? விலக்கிய ஊரும் இழந்தது!

அப்படியானால் சான்றைக் கைவிடுவதா? கூடாது. கைவிட்டால் தலபுராணமும் சாதிப்பெருமையும் வரலாறு என்று முடிசூட்டிக்கொண்டு உள்ளே நுழையும். சான்றைத் தளர்த்த வேண்டாம், பெருக்குவோம். 2011இல் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் மலையாளம், இந்தி, செப்பேடி மொழிகளில், வாய்மொழியைப் பதிவுசெய்து அதையே மேற்கோளாக்கும் முயற்சி நடந்தது. பேசியவர் யார், எந்த நாள், எந்த ஊர் என்று குறித்து, பலர் கூற்றை ஒப்பிட்டு நோக்கினால் வாய்மொழியும் ஆராயத்தக்க சான்றாகும். ஆராயாத அச்சைவிட ஆராய்ந்த பேச்சு மேல்.

தோழர்களே! நம் படிப்பகங்களில் வாரம் ஒரு மாலை இதற்கு ஒதுக்கினால் போதும். கணினியின் முன்னே முதலில் பெண்களை அமர்த்துவோம். முதியோரிடம் இசைவு பெற்று அவர் சொல்வதைப் பதிவுசெய்வோம், நூலகத்தில் சேர்ப்போம், இதழ்களில் வெளியிடுவோம். அதன்பின் களஞ்சியத்தில் எழுதுவோம். விதி வகுக்கும் மன்றத்திலும் சென்று வாதிடுவோம். புதியவர் கட்டுரையில் பிழை கண்டால் நீக்குமுன் திருத்துவோம், திருத்துமுன் விளக்குவோம்.

வந்தவர்களை மட்டும் எண்ணி மகிழ்வது விழாக்காரர் வேலை. வராதவர் யார், ஏன் வரவில்லை என்று எண்ணிப் பார்ப்பதே சீர்திருத்தக்காரர் வேலை. கதவைத் திறந்தவர்க்கு நன்றி; படியைத் தாழ்த்தும் பணி நம்முடையது!