அப்பாவின் காதில் இரண்டு மெஷின்

இணையச் சந்தையில் வாங்கிய காது மெஷின் ஒரு புதன்கிழமை தாப்பாவில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. விலை 79 வெள்ளி. மருத்துவர் சீட்டு தேவையில்லை என்று பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருந்தார்கள். அப்பாவுக்கு வயது 74. இளமையில் பால்மரம் வெட்டியவர், பிறகு செம்பனை ஆலையில் கொதிகலன் பக்கம் இருபது ஆண்டுக்கு மேல் நின்றவர். மின்னல் எப்.எம். செய்தி தெருமுனை வரை கேட்கிறது என்று அம்மா சொல்லி அலுத்த பிறகுதான் அதை வாங்கினேன். நான்கு மாதம் கழித்து வேறொரு கருவி அவர் காதில் ஏறியது. அது ஈப்போவில் ஓர் ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) பொருத்தியது. ஒரே வீட்டில், ஒரே மனிதரிடம் இரண்டும் எப்படி வேலை செய்தன என்பதைச் சொல்கிறேன்.

79 வெள்ளி மெஷினில் ஒரு பொத்தான், ஐந்து அளவுச் சத்தம், மூன்று வகை ரப்பர் முனை. மாட்டியதும் "சத்தம் வருது" என்றார் அப்பா. வந்தது சத்தம்தான். மாலையில் மலையடிவாரத்து மழை தகரக் கூரையில் இறங்கியபோது, மழை, மின்விசிறி, அடுப்படிப் பாத்திரம், என் பேச்சு எல்லாவற்றையும் அது ஒரே மாதிரி பெருக்கியது. கையைக் காதருகே கொண்டுபோனால் கீச்சென்று கத்தியது. மூன்றாம் நாள் அதைக் கழற்றி டிவி மேல் வைத்துவிட்டார்.

ஏன் இப்படி? வயதாலும் இரைச்சலாலும் கெடும் காது முதலில் உயர் அலைவரிசைகளை இழக்கிறது. உயிரோசைகளில் பலம் அதிகம், அவை தாழ்ந்த அலைவரிசையில் நிற்கும். க, ச, த, ப போன்ற வல்லினங்களை அடையாளம் காட்டும் மெல்லிய ஓசைகள் பெரும்பாலும் மேலே இருக்கின்றன. அதனால் பட்டை, தட்டை, சட்டை, கட்டை எல்லாமே அப்பாவுக்கு 'அட்டை'யாகத்தான் வந்தன. நான் வாயைத் தாளால் மறைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். மெஷின் இல்லாமல் ஊகித்தார். மெஷினோடும் ஊகித்தார், சத்தம் மட்டும் கூடியிருந்தது. "கேக்குது, ஆனா புரியல" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது சாக்குப்போக்கு அல்ல. அவர்கள் காதில் நடப்பதே அதுதான்.

நல்ல காது கருவி ஒலியைப் பல அலைவரிசைகளாகப் பிரித்து, இழந்த இடத்தில் மட்டும் கூட்டும். மெல்லிய ஒலியை அதிகம் உயர்த்தும், உரத்த ஒலியைக் கொஞ்சமே உயர்த்தும். எங்கே இழப்பு என்று தெரியாமல் எதைக் கூட்டுவது?

அதனால் முதலில் செய்திருக்க வேண்டியதைக் கடைசியில் செய்தேன். அரசு கிளினிக்கில் அப்பாவை உட்கார வைத்தேன். டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்தார். வலது காது முழுக்கக் குறும்பி அடைத்திருந்தது. ஒரு வாரம் ஒலிவ எண்ணெய்ச் சொட்டு, பிறகு சுத்தம். அதிலேயே பாதி வித்தியாசம் தெரிந்தது. அந்த அடைப்பின் மேல்தான் நான் மெஷினை மாட்டியிருந்தேன். இன்றும் அதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. காதில் சீழ், வலி, தலைச்சுற்றல், ஒரு காதில் மட்டும் குறைவு என்றால் எந்த மெஷினையும் தேடாமல் டாக்டரிடம் போங்கள். திடீரென்று காது அடைத்துக் கேட்காமல் போனால் அன்றைக்கே போங்கள். அதற்கு மருந்து உண்டு, நாள் கடந்தால் பலன் குறையும்.

கிளினிக் கொடுத்த கடிதத்தோடு ஈப்போ. நெடுஞ்சாலையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். சத்தம் புகாத சிறு அறையில் 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை சின்னச் சின்ன ஒலிகள். காதில் மாட்டியும், காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தும் சோதித்தார்கள். தாளில் கோடு 4000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளம்போல் இறங்கியது. ஆடியாலஜிஸ்ட் அந்தப் பள்ளத்தைக் காட்டி, "பாக்சிக், என்ன வேலை பார்த்தீங்க?" என்று மலாயில் கேட்டார். கொதிகலன் என்றார் அப்பா. இன்று 2019 இரைச்சல் விதிமுறைகளின்படி 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல்தான் எல்லை. அவர் வேலை பார்த்த ஆலையில் காதுக்கு அடைப்பான் என்று ஒன்றை யாரும் கொடுத்ததில்லை. இன்னும் வேலையில் இருப்பவர்கள் சொக்சோவில் கேளுங்கள், இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை அங்கே தொழில்நோய்.

சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் சோதனை மலாயில் நடந்தது. அப்பாவின் மலாய் வேலையிடத்து மலாய். கேட்கவில்லையா, சொல் தெரியவில்லையா என்று பிரித்துப் பார்க்கத் தமிழ் வேண்டும் என்றேன். ஆடியாலஜிஸ்ட் உடனே ஒப்புக்கொண்டார். நான் மறைவில் நின்று தமிழ்ச் சொற்களை வாசித்தேன். உங்கள் பெரியவர்களோடு போகும்போது கூச்சப்படாமல் இதைக் கேளுங்கள்.

பொருத்திய கருவி காதுக்குப் பின்னால் உட்காரும் வகை, அவர் காதின் அச்செடுத்துச் செய்த முனையோடு. காதுக்குள் மெல்லிய குழாய் விட்டு, உள்ளே உண்மையில் எவ்வளவு ஒலி போகிறது என்று அளந்து சரிசெய்தார்கள். பெட்டியில் வரும் மெஷினுக்கு இதைச் செய்ய ஆள் இல்லை. முதல் நாள், "என் குரலே கிணத்துக்குள்ள இருந்து வருது" என்றார். அடுத்த பயணத்தில் தாழ்ந்த ஒலியைக் குறைத்தார்கள். அதற்கடுத்ததில் பாத்திரச் சத்தத்தை. இப்போது சட்டையும் கட்டையும் வேறு வேறு. பேட்டரி 13ஆம் எண், ஆரஞ்சு ஒட்டி. ஒட்டியைப் பிரித்து ஒரு நிமிடம் காற்றுபட வைத்துவிட்டுத்தான் போட வேண்டும். நம் ஊர் ஈரத்துக்கு இரவில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பா கட்டாயம்.

விலை? தனியாரிடம் ஒரு ஜோடி பல ஆயிரம் வெள்ளி. மாற்றுத்திறனாளி அட்டை உள்ளவர்களுக்குச் சமூக நலத் துறையின் கருவி உதவி உண்டு, விண்ணப்பித்துப் பாருங்கள்.

சீட்டில்லாமல் வாங்கும் கருவி எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் 17 அக்டோபர் 2022 முதல், 18 வயது நிரம்பி லேசான அல்லது நடுத்தரக் குறைவு இருப்பதாக உணர்பவர்கள் நேராகக் கடையில் வாங்கலாம். ஏர்பாட்ஸ் புரோ 2 காதொலிப்பானைக் காது கருவியாக்கும் மென்பொருள் 2024 செப்டம்பரில் அங்கே அனுமதி பெற்றது. அந்த வசதி எல்லா நாட்டிலும் திறந்திருக்கவில்லை, வாங்கும் முன் நாடுகளின் பட்டியலைப் பாருங்கள். 2017இல் இண்டியானா பல்கலைக்கழகத்தினர் 154 பேரிடம் செய்த ஆய்வில், ஒரே தரமான கருவியைத் தாமே தேர்ந்து மாட்டியவர்களுக்கும் பலன் கிடைத்தது. ஆனால் ஆறு வாரம் கழித்து அதை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் 55 விழுக்காடு. ஆடியாலஜிஸ்டிடம் பொருத்திக்கொண்டவர்களில் 81 விழுக்காடு. கருவி ஒன்றுதான், ஆள் துணைதான் வேறு. ஐம்பதைத் தாண்டி, போனை நன்றாகக் கையாளும், குறைவு லேசானது என்று சோதனையில் தெரிந்த ஒருவருக்கு இந்த வழியை நான் தயங்காமல் சொல்வேன். அப்பாவுக்குச் சொல்ல மாட்டேன். இன்னொன்று, 79 வெள்ளி மெஷின் இந்த வகையிலேயே சேராது. அது வெறும் சத்தம்கூட்டி. இங்கே காது கருவி 2012ஆம் ஆண்டு மருத்துவச் சாதனச் சட்டத்தின்கீழ் பதிவாகியிருக்க வேண்டும். விற்பவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். அமெரிக்க முத்திரை அதற்கு ஈடாகாது.

அப்பாவுக்குத் திருமண மண்டபத்தில் இன்னும் பேச்சு பிடிபடுவதில்லை. அடுத்த மாதம் ஐந்தாவது முறை ஈப்போ போகிறோம். நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அவரே எழுதி வைத்திருக்கிறார்: மண்டபம், மோட்டார் சைக்கிள், பேத்தி வேகமாகப் பேசும்போது.