இளைப்பாறுதலும் குடியிருப்பும்: மாத்தளைத் தோட்டச் சபைகளின் நினைவு இலக்கியம் பற்றிய ஒரு நோக்கு

மரணத்தை எதிர்கொள்ளும் இலக்கியம் தமிழில் நெடிய மரபுடையது. சங்கச் சான்றோரின் கையறுநிலைப் பாடல்கள், நாட்டார் ஒப்பாரி, ஈழத்துச் சரமகவிகள், கல்வெட்டுகள் என்பன அம்மரபின் வெவ்வேறு கிளைகளாம். எனினும் மலையகத் தமிழ்க் கிறித்தவ சபைகளில், மறைந்த உறுப்பினரின் நினைவாக வாசிக்கப்படும் சரிதைகளும் அச்சிடப்படும் ஆராதனைத் தாள்களும் நம் ஆய்வாளரின் கவனத்தை ஈர்த்தனவல்ல. மரபுவழித் திறனாய்வாளர் இவற்றை இலக்கியமெனக் கொள்வதில்லை. முற்போக்குத் திறனாய்வாளரோ 'பரலோகம்' என்ற சொல்லைக் கண்டதும் இவற்றை மயக்கமெனத் தள்ளிவிடுகின்றனர். இவ்விரண்டாவது புறக்கணிப்பே இங்கு விவாதத்திற்குரியது.

சமயத்தை அபினி என மார்க்ஸ் 1844ஆம் ஆண்டிற் குறிப்பிட்டதை அறியாதார் இலர். ஆயின் அதே பந்தியில் சமயத் துயரம் உண்மைத் துயரத்தின் வெளிப்பாடாகவும் அதற்கெதிரான முறையீடாகவும் அமைகின்றது என அவர் கூறியதைப் பலர் கருத்திற் கொள்வதில்லை. ஏங்கெல்சும் 1894ஆம் ஆண்டில் ஆதிக் கிறித்தவத்தைப் பற்றி எழுதுகையில், அதனை ஒடுக்கப்பட்டோரின் இயக்கமாகவே கண்டு, தொழிலாளர் இயக்கத்துடன் ஒப்பிட்டார். விடுதலையை ஒன்று மறுமையிலும் மற்றது இம்மையிலும் வைக்கின்றது என வேறுபடுத்தினார். ஆகவே, ஒரு குறிப்பிட்ட மக்கட் கூட்டம் மறுமையை எத்தகைய சொற்களாற் கற்பனை செய்கின்றது என்பதே நாம் கேட்கவேண்டிய வினாவாகும்.

மாத்தளையின் வரலாறு இவ்வினாவிற்குப் பொருள் தருகின்றது. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து கால்நடையாக மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே மாண்டோர் பல்லாயிரவர். அவர்க்குக் கல்லறையுமில்லை, கல்வெட்டுமில்லை. 1850களின் நடுப்பகுதியிலே தமிழ்க் கூலி மிஷன் தோன்றியபோது, திருநெல்வேலியிலிருந்து உபதேசியார் மலைநாட்டிற்கு வந்தனர். தோட்டத்துரைமாரின் ஆதரவும் நன்கொடையும் அம்முயற்சிக்குத் துணைநின்றன என்பது மறத்தற்குரியதன்று. 1869ஆம் ஆண்டில் ஆபிரகாம் ஜோசப் இயற்றிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' தோட்ட நிர்வாகத்தின் பார்வையிலேயே உழைப்பைப் பாடிற்று.

இப்பின்னணியில் நினைவுத் தாள்களிற் பயிலும் சொற்கள் மூன்றை நோக்குவோம்.

முதலாவது 'இளைப்பாறுதல்'. வெளிப்படுத்தின விசேஷத்திலிருந்து வரும் இச்சொல், உழைப்பிலிருந்து விடுபடுதலைக் குறிக்கின்றது. ஓய்ந்திருக்கும் வர்க்கத்தினர்க்கு இது வெறும் உருவகமே. விடியுமுன் எழுந்து, கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டி மலையேறிய பெண்ணுக்கோ அது உடலறிந்த பொருள்.

இரண்டாவது 'பேர்'. தோட்டத்திலே ஒருநாள் வேலை 'ஒரு பேர்' எனப்படும். நிறை குறைந்தால் 'அரைப்பேர்' விழும். மனிதரின் பெயரே கூலியின் அலகாகிவிட்ட அவ்வுலகில், பேரை அரையாக வெட்டும் செக்றோலுக்கு எதிரே 'ஜீவபுஸ்தகம்' என்னும் விவிலியப் படிமம் நிற்கின்றது. அதில் எவர் பேரும் அரைப்பேராவதில்லை. நினைவு ஆராதனையில் முழுப் பெயர் ஓதப்படுகையில், தோட்டம் மறுத்த மதிப்பு ஒருவாறு மீட்கப்படுகின்றது.

மூன்றாவது 'குடியிருப்பு'. பவுல் பிலிப்பியர்க்கு எழுதிய நிருபத்தில் குடியுரிமை சார்ந்த கிரேக்கச் சொல்லொன்று வருகின்றது. பழைய தமிழ் விவிலியம் அதனைக் 'குடியிருப்பு' என்றே பெயர்த்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தினால் இரு நாடுகளுக்கிடையே பங்கிடப்பட்ட மக்களின் செவியில் அச்சொல் எவ்வாறு ஒலித்திருக்கும் என்பதைச் சிந்தித்தல் தகும். சொந்தமல்லாத லயன் காம்பிராவில் வாழ்ந்து மறைந்தவர்க்குப் பிதாவின் வீட்டில் வாசஸ்தலம் உண்டெனக் கூறுதல் ஆறுதல் மாத்திரமன்று. இங்கு அவருக்கு வீடில்லை என்ற குற்றச்சாட்டும் அதனுள் அடங்கியுள்ளது. 'வீடு' என்ற தமிழ்ச் சொல் இல்லத்தையும் விடுதலையையும் ஒருங்கே உணர்த்துவதும் இங்கு நினைத்தற்குரியது.

இவ்விலக்கியத்தின் குறைபாட்டையும் கூறாதுவிடல் நேர்மையாகாது. சபைப் பணி, பக்தி, பொறுமை ஆகியன விரிவாகப் புகழப்பட, மறைந்தவர் எத்தனை ஆண்டு எந்த மலையில் என்ன வேலை செய்தார் என்பது பெரும்பாலும் ஒரு வரியில் அடங்கிவிடுகின்றது. நாட்டார் ஒப்பாரி இவ்வகையில் வலிமை மிக்கது. அது கங்காணியை ஏசும், கடனைச் சொல்லும், இறந்தவரையே குறை கூறி அழும். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலையக மக்கள் பாடல்கள் அவ்வெளிப்படைத்தன்மைக்குச் சான்றாவன. ஓலமிட்டழுவதை நம்பிக்கையின்மையாகக் கருதிய மிஷன் ஒழுக்கம், அழுகையோடு முறையீட்டையும் அடக்கிவிட்டது.

ஆயினும் அம்மரபினுள்ளேயே மாற்று வளமும் உண்டு. ஏசாயாவின் தீர்க்கதரிசனம் காட்டும் புதிய பூமியில், வீடு கட்டியவரே அதில் குடியிருப்பர். நட்டவரே கனியை உண்பர். ஒருவர் உழைப்பை மற்றொருவர் கவர்வதில்லை. வெளிப்படுத்தின விசேஷத்திலும் மனிதர் மேலேறிச் செல்வதில்லை. புதிய நகரமே பூமிக்கு இறங்கி வருகின்றது. இப்பகுதிகள் நினைவு ஆராதனைகளில் விளக்கப்படுமாயின், மோட்ச நம்பிக்கை இம்மையை அளக்கும் அளவுகோலாகவும் மாறக்கூடும். 1972ஆம் ஆண்டில் கண்டியில் 'சத்தியோதய'த்தை நிறுவிய போல் கஸ்பர்ஸ் அடிகளார் முதலானோர் இத்திசையிலேயே நடந்தனர். 2023ஆம் ஆண்டில், மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் மேற்கொள்ளப்பட்டது. அதிற் கிறித்தவரும் பங்குகொண்டனர். வழியில் மாண்ட பெயரற்றோர் நினைவுகூரப்பட்டதுடன் காணி, வீடு, நியாயமான கூலி ஆகிய கோரிக்கைகளும் முன்வைக்கப்பட்டன. நினைவும் நம்பிக்கையும் உரிமையும் அங்கு ஒன்றிணைந்தன.

எனவே, தோட்டச் சபைகளின் நினைவுத் தாள்களைத் திரட்டிப் பேணுதல் தமிழாய்வாளரின் உடனடிக் கடமையாகின்றது. கறையானுக்கும் மழைக்கும் இரையாகிவரும் இத்தாள்கள், தொழிலாளர் தம் சொற்களால் எழுதிய அரிய வரலாற்றுச் சான்றுகள். சரிதை எழுதுவோரும், மறைந்தவர் பாடிய கீர்த்தனையோடு அவர் பறித்த கொழுந்தின் கணக்கையும், பங்குகொண்ட வேலைநிறுத்தத்தையும், பெறாது போன காணியையும் எழுதுவாராயின், அதனால் இறைநம்பிக்கை குறைவுறப் போவதில்லை, உண்மை நிறைவுறும்.